வாத்துப் பார்க்குக்கு வந்த பெயர்

பெங்களூர்
6-11-1983

அன்புத் தங்கை சந்திரகலாவுக்கு அண்ணன் சிவப்பிரகாசம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் குழந்தைகளும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அம்மாவும் நலந்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுது, அனுப்புகிறேன்.

ஒரு சந்தோஷமான செய்தி. உங்கள் வட்டத்து நண்பர்கள் மன்றச் செயலாளர் பரமசிவம் கடிதம் போட்டிருக்கிறார். உன் குவார்ட்டர்ஸுக்கு எதிரில் இருக்கிற பூங்காவுக்கு என் பெயரை வைக்கப்போகிறார்களாம். 'சைக்கிள் வீரர் சிவப்பிரகாசம் பூங்கா.' காணும் பொங்கலன்று விழா. அதற்கு முன்னால் என் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, கலா. அறுபத்தாறாம் வருஷத்து சைக்கிள் பந்தயத்தில் சேத்தியாத்தோப்புப் பாலத்தைத் தொட்டுத் திரும்பியபோது வெள்ளாற்றுக் காற்று முகத்தில் அடித்ததே, அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அந்தக் கப்பைப் பார்த்துத்தானே எனக்குப் பெர்மனென்ட் வேலை கிடைத்தது. அந்த வேலையை வைத்துத்தானே உன் கல்யாணத்தையும் நடத்தினோம்.

அலமாரியில் நான் கப்போடு நிற்கிற போட்டோ இருக்கும். கீறல் விழாமல் எடுத்துப் பரமசிவத்திடம் கொடு. அம்மாவுக்கு விஷயத்தை நீயே பக்குவமாகச் சொல். ரொம்பச் சந்தோஷப்படுவாள்.

உன் அன்பு அண்ணன்,
சிவப்பிரகாசம்


நெய்வேலி
14-11-1983

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை சந்திரகலாவின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குத் தைலம் இருக்கிறது.

நீ எந்தப் பாலத்தைத் தொட்டாய்?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஊரை ஏமாற்றுவது ஒரு ரகம். பாலத்தில் நின்றவளுக்கே பாலத்துக் காற்றைப் பற்றி எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

மறந்துபோயிருந்தால் நினைவூட்டுகிறேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. பாலத்தின் மேல் ஒரு தார் டிரம்மை வைத்து, பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக என்னை நிறுத்தியிருந்தார்கள். டிரம்மைச் சுற்றித் திரும்புகிறவர்களின் பெயரை வந்த வரிசைப்படி எழுத வேண்டியது என் வேலை. முதலில் வந்தவர் மருதமுத்து. அவருக்குப் பின்னால் பதினொரு பேர் வந்தார்கள். நீ வரவே இல்லை. செயின் அறுந்திருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டு வேனில் ஏறி ஊருக்கு வந்தால் உன் கழுத்தில் மாலை! எல்லோருக்கும் முன்னால் போனவன், வடலூர் தாண்டியதும் முந்திரித் தோப்புக்குள் புகுந்து படுத்திருந்துவிட்டு, மருதமுத்து திரும்பி வருகிற நேரம் பார்த்து அவருக்கு முன்னால் சைக்கிளை எடுத்திருக்கிறாய். என்னைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "கலா, என் பேரை மொதல்ல எழுதிரு. இந்த வேலை கெடைக்கலைன்னா அப்பா செத்துருவாரு" என்றாய். எழுதினேன். மேலே இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினேன். "எனக்கு முன்னாடி பாலத்துல யாருமே இல்லியே" என்று மருதமுத்து கேட்டார். நோட்டைக் காட்டினார்கள். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

அவர் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? இதே பூங்காவில் தோட்டக்காரர். இன்னும் கான்ட்ராக்ட்தான். உடைந்த மூக்கோடு ஒரு சிமென்ட் வாத்து நிற்பதால் இங்கே எல்லோரும் வாத்துப் பார்க் என்றுதான் சொல்வார்கள். அந்த வாத்துக்குப் பக்கத்தில் உன் பெயர்ப்பலகைக்குக் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார். நேற்று பால் வாங்கப் போனபோது, "இன்னும் அரையடி ஆழம் வோணும்னு சொல்லிகினு இருக்காரு செக்ரட்ரி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பால் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

உன்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததை யாரிடமும் நீ சொல்ல வேண்டாம். பரமசிவத்தின் விலாசத்தை நானே எழுதி ஒரு தபால் கார்டு இத்துடன் வைத்திருக்கிறேன். 'என் பெயர் வேண்டாம்' என்று ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிடு. எவ்வளவு அடக்கமான மனிதர் என்று அதற்கும் உன்னைப் புகழத்தான் போகிறார்கள்.

அன்புத் தங்கை,
சந்திரகலா


பெங்களூர்
25-11-1983

அன்புள்ள கலாவுக்கு அண்ணனின் ஆசிகள்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாய். அந்த வயதில், அந்த வீட்டு நிலைமையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். போகட்டும், பழைய கதை.

நீ அனுப்பிய கார்டை எழுதி நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். இனி நிம்மதியாக இரு. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அம்மாவைப் பார்த்துக்கொள். அந்தப் போட்டோ மட்டும் பத்திரம்.

உன் அண்ணன்,
சிவப்பிரகாசம்


நெய்வேலி
18-12-1983

அண்ணனுக்கு,

நீ எழுதிய கார்டை நேற்றுத்தான் பார்த்தேன். பரமசிவமே வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். 'மிக்க மகிழ்ச்சியுடன் சம்மதிக்கிறேன். தங்கள் அன்புக்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை.' கீழே உன் கையெழுத்து, வால் நீட்டி, கோடு போட்டு.

"முன்பக்கம் தங்கச்சி எழுத்து, பின்பக்கம் அண்ணன் எழுத்து. குடும்பமே சேந்து சம்மதம் குடுத்துட்டீங்க. இதை ஃப்ரேம் போட்டு மன்றத்துல மாட்டப்போறோம்மா" என்றார். அவருக்குக் காப்பி கொடுத்தேன். வேறென்ன செய்வது?

நான் வாங்கி, நான் விலாசம் எழுதி, வேண்டாம் என்று சொல்வதற்காக அனுப்பிய கார்டு. சம்மதம் சொல்லவாவது உன் கைக்காசில் ஒரு கார்டு வாங்கத் தோன்றவில்லையா உனக்கு? அன்றைக்கு நோட்டில் என் எழுத்து. இன்றைக்குக் கார்டில் என் எழுத்து. இந்த மூன்று வாரமாக உன்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மாறிவிட்டான், வயது வந்தால் புத்தி வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் ரொம்ப அருவருப்பாக இருக்கிறது.

அவர் போனதும் நேரே மருதமுத்துவிடம் போனேன். விழாவுக்காக வாத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றிச் சொன்னதைவிட என்னைப் பற்றிச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. அவர் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. "இத்த வந்து என் காதுல சொல்றியேம்மா? என் காதுக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. சொல்றதுன்னா மைக்குல சொல்லு" என்றார்.

குடும்பத்தின் சார்பில் விழாவில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று பரமசிவம் கேட்டிருக்கிறார். பேசுகிறேன் என்று இன்று காலை சொல்லி அனுப்பிவிட்டேன். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வேண்டாம் என்று நீயே எழுதிவிட்டால் நான் மைக்கைத் தொட வேண்டியிருக்காது. இந்த முறை கார்டை நீயே வாங்கிக்கொள்.

சந்திரகலா


பெங்களூர்
4-1-1984

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் சீராக ஒரு பட்டுப் புடவை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அரக்கு நிறம், உன் அண்ணி தேர்ந்தெடுத்தது. விழா மேடையில் அதைக் கட்டிக்கொள்.

மருதமுத்து விஷயத்தையும் யோசித்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. இரண்டாம் பரிசு வாங்கியவர் என்று சொல்லி அவருக்கும் மேடையில் ஒரு சால்வை போடும்படி பரமசிவத்துக்கு எழுதியிருக்கிறேன். மனிதர் குளிர்ந்துபோவார்.

நீ மைக்கில் ஏதும் ஏடாகூடமாகப் பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருப்பாள். நோட்டில் எழுதியது யார் கை என்பதையும் நினைவில் வை. ஊர் சிரித்தால் என்னைப் பார்த்து மட்டும் சிரிக்காது.

நேரில் சந்திப்போம்.

அண்ணன்


நெய்வேலி
24-1-1984

அண்ணனுக்கு,

விழா முடிந்த கையோடு அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போய்விட்டாய். பிறகு நடந்ததை யாராவது உனக்குச் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

"எங்க அண்ணன் பாலத்துக்கு வரவே இல்லை. நோட்டுல பொய்யா எழுதினது நான். மொதல்ல வந்தவர் மருதமுத்து." இவ்வளவுதான் நான் பேசியது. அப்போது நீ மாலையிலிருந்து ரோஜா இதழைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். பரமசிவம் மைக்கைப் பிடுங்கி, "சகோதரி உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்றதும் பின்னால் இருந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமல் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நீ எழுந்து கும்பிட்டாய். அதோடு எனக்கு உன்மேல் இருந்த கோபம்கூடப் போய்விட்டது. கரப்பான்பூச்சி விழுந்த குழம்பின் மேல் யாராவது கோபப்படுவார்களா? எடுத்துக் கொட்டத்தான் தோன்றும்.

சால்வை வாங்க மருதமுத்து மேடைக்கு வரவில்லை. அது நாற்காலியிலேயே கிடந்தது. இப்போது மன்றத்துக் கேரம் போர்டுக்குப் போர்த்தியிருக்கிறார்கள். பலகை அப்படியேதான் நிற்கிறது. எழுதியாயிற்று, நட்டாயிற்று, இனி எடுத்தால் மன்றத்துக்குத்தான் அசிங்கம் என்கிறார் பரமசிவம். அவர்களுடைய அசிங்கம் அதுதான் போலிருக்கிறது.

ஆனால் முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நான் சொன்னது கேட்டிருக்கிறது. மறுநாள் காலை பார்க்கை ஒட்டிய பால் பூத்தில் பக்கத்து வீட்டுக் கனகம் மருதமுத்துவைப் பார்த்து, "அந்த ரேஸ்ல நீங்கதான் ஃபர்ஸ்ட்டுங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறாள். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "ஆமாங்க, நான்தான்" என்றாராம். பிறகு டிரம்மைச் சுற்றும்போது சைக்கிளை எந்தப் பக்கம் சாய்த்தார், எதிரில் எந்த பஸ் வந்தது என்பதுவரை சொல்லியிருக்கிறார். ஏழெட்டுப் பேர் பால் பாத்திரத்தோடு நின்று கேட்டார்களாம். தண்ணீர் பாட்டுக்கு நடைபாதையில் ஓடியிருக்கிறது. பிறகு என்னைப் பார்த்தபோது எப்போதும்போல் தலையை அசைத்தார். நானும் மன்னிப்பை எதிர்பார்த்துப் போகவில்லை.

அம்மாதான் என்னோடு பேசுவதில்லை. "கூடப் பொறந்தவன சபையில வச்சு இப்பிடிப் பண்ணிட்டியேட்டி" என்று சொன்னதோடு சரி. நான் வைக்கிற தட்டை நகர்த்திவிட்டு, உன்னிடம் போய்விடுவதாகப் பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறாள். வந்து கூட்டிக்கொண்டு போ. முழங்காலுக்குக் காலையும் மாலையும் தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். ராத்திரி மோர் கொடுக்காதே, அவளுக்குச் சளி பிடிக்கும்.

புடவையை நான் பிரிக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு பார்சலில் திரும்பி வருகிறது. இனிமேல் எனக்குச் சீர் அனுப்பாதே. பந்தலுக்குப் பின்னால் நின்று நோட்டில் உன் பெயரை எழுதின கை இது. இந்தப் பார்சலின் மேல் எழுதுவதோடு அது நிறுத்திக்கொள்கிறது.

சந்திரகலா