நீயாகத்தான் ஏறினாய்

இன்று காலை கிளினிக்குக்குப் போகும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெலிமடை ரோட்டிலிருந்து இறங்கி, நுவரெலியா வாவிக்கரையைத் தொட்டதும் கண்ணாடியைத் தள்ளிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் குளிருகிறது என்று முணுமுணுத்தார். நான் மூடவில்லை. ஈரப் புல்லும் குதிரைச் சாணமும் பாசி பிடித்த தண்ணீரும் எங்கேயோ அவிகிற சோளமும் கலந்த வாசனை உள்ளே வந்தது. அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். தலையில் மஞ்சள் ஹெல்மெட், முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிய சேலை, முகத்தில் அந்தத் திமிர்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு எழுத உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று இவ்வளவு நாளும் தள்ளிப்போட்டேன். இன்றைக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

நீ மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தாய். நான் பிள்ளைக்காம்பராவில் உங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். விடிந்ததும் உன் மகனை என் இடுப்புக்கு மாற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நீ ஏறிப் போவாய். திரும்பிப் பார்த்தால் அவன் அழுவான் என்று உனக்குத் தெரியும். ஒரே லயத்தில், ஒரே நீளக் கூரைக்குக் கீழே, அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்தோம். இரண்டு பேரும் தாலியறுத்தவர்கள். இரண்டு பேருக்கும் வாய் நீளம் என்று தோட்டத்தில் பெயர்.

அந்தச் செங்குத்து மலையை நாள் தவறாமல் ஏறி இறங்கிய உன் காலைத்தான் சீனி வருத்தம் முதலில் பிடித்தது. இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். புண் ஆறிய பிறகு உன்னால் நிற்க முடிந்தது. கம்பை ஊன்றிக் கொஞ்சத் தூரம் போகவும் முடிந்தது. ஆனால் லயத்துப் படிகளைத் தாண்டியதும் கால் எரியும். உன் மகன் உனக்குக் கதவோரத்தில் ஒரு நாற்காலி போட்டான். "இனிமே நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்மா. சும்மா இருங்க" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன்னை நான் பக்கத்துக் கதவிலிருந்து பார்த்தேன். லயத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் உன்னைக் குனிந்து பார்த்துப் பேசினார்கள். யாரும் உன்னை அப்படிக் குனிந்து பார்த்து அதற்கு முன்பு பேசியதில்லை.

மாதா மாதம் உன்னைக் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ் வாவிக்கரையில் நெரிசலில் நின்றது. வெளியே ஒரு வெள்ளைக்காரப் பெண் இரண்டு சில்லு வண்டி ஒன்றின் மேல் நின்றபடி தண்ணீர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். மிதிக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அதற்குச் செக்வே என்று பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நீ என் தொடையைத் தட்டினாய். "பாருடி. நடக்காமலே நடக்கிறா."

பஸ் நகர்ந்த பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாய். தோட்டத்து முச்சந்தியில் இறங்கும்போது, "நிக்கத்தானே வேணும்? நிக்க என்னால முடியும்ல?" என்று கேட்டாய். நான் உன் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். நீ கேட்டது என்னை இல்லை.

அடுத்த கிளினிக் நாளில் டாக்டர் சீக்கிரம் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் நீ ஒரு திரீவீலை நிறுத்தி, பஸ் ஸ்டாண்டுக்கு என்று சொல்லாமல், "வாவிக்கு" என்றாய். நான் உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

டிக்கட் கொடுக்கிற கூண்டில் ஒரு ஆள் இருந்தார். நம் சேலையையும் உன் கம்பையும் பார்த்துவிட்டு, தமிழில்தான் சொன்னார்.

"அம்மா, இது டூரிஸ்டுக்கு உள்ளது. அம்மாமாருக்கு அங்கால அன்ன போட் இருக்கு. மிதிச்சுக்கிட்டுப் போகலாம்."

"மிதிக்க முடிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்?" என்றாய்.

"விழுந்தா எங்களுக்குப் பிரச்சினை அம்மா."

அவருடைய தலைக்கு மேலே பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. கொழுந்துக் கூடையோடு ஒரு பெண், பச்சை மலை, வெள்ளைப் பல் தெரியச் சிரிப்பு. நீ கம்பைத் தூக்கி அந்தப் படத்தைக் காட்டினாய்.

"இவளை இங்க நிக்க வச்சிருக்கீங்க. இவ போட்டோவப் பார்த்துத்தான் உங்களுக்கு ஆளு வருது. இவளே வந்து டிக்கட் கேட்டா இல்லைன்னு சொல்லுவீங்களா?"

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவர் போல இருந்தது. நமக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். அவரைப் பார்த்துச் சிரித்தார்களா நம்மைப் பார்த்துச் சிரித்தார்களா என்று தெரியவில்லை. நீ நகரவில்லை. கடைசியில் அவர் இரண்டு டிக்கட்டுகளைக் கிழித்துக் கொடுத்தார்.

கூட்டிப் போகிற வழிகாட்டி வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர், நடுத்தர வயது, அமைதியான மனிதர். தோட்டத்து ஆட்களோடு பழகி நல்ல தமிழ் பேசினார். உன் காலைப் பற்றி அவரிடம் நீ மறைக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் காட்டினாய். குனிந்து பார்த்துவிட்டு, "வலி இருக்கா? உணர்ச்சி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றதும், அவரே உன் செருப்பின் வாரை இறுக்கிப் பூட்டினார். அடுத்து அவர் கவலை சேலையைப் பற்றி. சில்லில் மாட்டும் என்றார். நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மழை நாளில் மலைக்குக் கட்டுவது போல நீ சேலையை உயர்த்தி இழுத்துச் செருகி, மேலே உன் துவாயை இறுக்கிக் கட்டினாய். எனக்கும் நீயே கட்டிவிட்டாய். அந்த மனிதர் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, நம் தலைகளில் மஞ்சள் ஹெல்மெட்டுகளை மாட்டினார்.

"முன்னுக்குச் சாய்ங்க, போகும். பின்னுக்குச் சாய்ங்க, நிக்கும். சில்லைப் பார்க்காதீங்க, தூரத்தைப் பாருங்க. ஹெமின், ஹெமின்." மெதுவாக, மெதுவாக என்று சிங்களத்தில் சொன்னார்.

நீதான் முதலில் ஏறினாய். உன் கம்பு என் கையில் இருந்தது. ஏறியதும் வண்டி நடுங்கியது, நீயும் நடுங்கினாய். இரண்டு நடுக்கமும் ஒன்றையொன்று தூண்டிவிட்டன. அவர் கையைப் பிடித்தபடி நேராகக் கொஞ்சம், வளைந்து கொஞ்சம் என்று போனாய். பிறகு இறங்கச் சொன்னபோது முன்பக்கமாகக் காலை வைத்துவிட்டாய். வண்டி பின்னால் பிய்த்துக்கொண்டு போக, நீ முழங்கை அடிபடப் புல்லில் விழுந்தாய்.

என் உயிர் போய்விட்டது. அவர் ஓடிவந்து தூக்கினார். ஸ்வெட்டர் கிழிந்து முழங்கையில் இரத்தம் கசிந்தது. கால் தப்பியிருந்தது. "போதும் அம்மா, காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்றேன்" என்றார். நானும், "போதும்டி, வா போவோம்" என்றேன்.

நீ புல்லில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாய். "மலையில விழாத நாளு இருந்துச்சா? அன்னைக்கெல்லாம் யாராச்சும் போதும் வீட்டுக்குப் போன்னு சொன்னாங்களா? கூடையத் தூக்குன்னுதானே சொன்னாங்க."

அவர் மருந்துப் பெட்டியை எடுத்துவந்து முழங்கையைத் துடைத்துக் கட்டுப்போட்டார். நீ எழுந்தாய். இந்தத் தடவை பின்பக்கமாக இறங்கப் பழகினாய். திரும்பத் திரும்ப ஏறினாய், இறங்கினாய். எனக்கும் முறை வந்தது. நான் கத்தியது அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் கரையோரப் பாதையில் புறப்பட்டோம். அவர் முன்னால், நீ நடுவில், நான் கடைசியில். மூடுபனி தண்ணீரின் மேல் படுத்திருந்தது. முதலில் உன் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. பாலத்தைத் தாண்டியதும் அவை இறங்கின. பிறகு உன் முதுகு நிமிர்ந்தது. கூடை இல்லாமல், கம்பு இல்லாமல், குனியாமல் நீ போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை உயரமானவளா நீ என்று நினைத்தேன்.

"எத்தனை வருஷமா பஸ்ஸுல இருந்து பார்த்திருப்போம்" என்று திரும்பாமலே என்னிடம் கத்தினாய். "தண்ணி இவ்வளவு கிட்ட இருக்குடி."

நேரான இடம் வந்ததும் நீ முன்னால் சாய்ந்தாய். வழிகாட்டியைத் தாண்டிப் போய்விட்டாய். அவர் "ஹெமின், அம்மா, ஹெமின்" என்று கூப்பிட்டுக்கொண்டே உன் பின்னால் வந்தார். சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று பாதையை விட்டு ஒதுங்கியது. அவர்களில் ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார். நீ சிரித்தாய். வாயை மூடாமல், கையால் மறைக்காமல் சிரித்தாய்.

அந்த வீடியோ நாம் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழிவதற்குள் தோட்டத்துப் போன்களுக்கு வந்துவிட்டது. யாரோ கீழே கேலியாக எழுதியிருந்தார்கள். உன் மகன் வேலை விட்டு வந்ததும் அதை உன் முன்னால் நீட்டினான். நான் என் கதவில் நின்றேன். உன் மருமகள் அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் காலோட, இந்த வயசுல. ஊரே சிரிக்குதும்மா" என்றான்.

நீ போனை வாங்கி முழுவதும் பார்த்தாய். இன்னொரு தடவை போடச் சொன்னாய். பிறகு திருப்பிக் கொடுத்தாய்.

"சிரிக்கட்டும். நானும் அதுல சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

அதன் பிறகு நீ கதவோரத்து நாற்காலியில் உட்காரவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு கோவில் வரைக்கும் போனாய். கால் எரிந்தால் வழியில் நின்றாய். நின்றுவிட்டு மறுபடி போனாய். முழங்கைக் காயம் ஆறித் தழும்பானது. மாதங்கள் போயின. பிறகு உன் முகம் வீங்கத் தொடங்கியது. கிட்னி என்றார்கள். கண்டிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது உனக்குப் பேச்சு குறைந்திருந்தது.

எழவு வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன். பந்தலில் உன் தம்பி எல்லார் முன்னாலும் என்னைக் கையைக் காட்டிப் பேசினான். "இவதான் எங்க அக்காவக் கூட்டிட்டுப் போய் அந்த வண்டியில ஏத்திவிட்டா. அன்னைக்கு விழுந்ததுலதான் எல்லாம் ஆரம்பிச்சிச்சு."

மேளம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழுவேன், கும்பிட்டு மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தார்கள். முழங்கைக் காயத்துக்கும் கிட்னிக்கும் தொடர்பு இல்லை, சீனி வருத்தம்தான் கிட்னியைத் தின்றது என்று கிளினிக் நர்ஸ் எனக்கு ஏற்கெனவே விளக்கியிருந்தார். அதை நான் அங்கே எடுத்துச் சொல்லவில்லை. வழக்கில் சாட்சி சொல்வது போல உன்னைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

"நான் ஏத்திவிடல" என்றேன். "அவளாத்தான் ஏறினா. விழுந்தா, மறுபடியும் அவளாத்தான் ஏறினா. நான் பின்னால போனேன். இன்னைக்குக் கூப்பிட்டாலும் போவேன்."

உன் தம்பி மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உன் மகன் அவன் தோளில் கையை வைத்து, "விடுங்க மாமா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் உன்னைத் தூக்கும்போது, கடைசியாக வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டான்.

தோட்டத்தில் இன்னும் சிலர் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். என் மகன் கொழும்பிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம், "தனியா அங்க என்னத்துக்கு, இங்க வந்து ஒரு மூலையில இருங்களேன்" என்கிறான். மூலையில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு இப்போதும் பயம் உண்டு. படியிறங்கப் பயம், பிரஷர் ஏறினால் பயம், வரிசையில் நிற்கிற இடத்தில் யாராவது இது உனக்கில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். சொன்னால் இப்போது நான் நகர்வதில்லை. கூண்டுக்கு முன்னால் நீ நின்ற மாதிரி நிற்கிறேன். உன் குரலில் பேச எனக்கு வராது, என் குரலிலேயே கேட்கிறேன். பல தடவை கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காத நாளில், கேட்டுவிட்டேன் என்ற நிமிர்வோடு வீட்டுக்கு வருகிறேன். நீ எனக்கு விட்டுப்போனது இதுதான். இதை யாரும் வந்து என்னிடம் வாங்கிக்கொண்டு போக முடியாது.

இன்றைக்குப் பின்னேரம் கிளினிக்கிலிருந்து வந்து பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது உன் மருமகள் வந்தாள். மலையிலிருந்து நேரே வந்திருந்தாள், கூடையைக்கூட இறக்கவில்லை. கதவில் சாய்ந்தாள்.

"சின்னம்மா, வர்ற மாசம் கிளினிக்குக்கு உங்ககூட நானும் வர்றேன். வாவிக்கும் போவோம். அத்தை ஏறினதுல நானும் ஏறணும்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "உன் வீட்டுக்காரன்கிட்ட கேட்டியா?"

"கேக்கல சின்னம்மா" என்றாள். "சொல்லிட்டேன்."