மச்சானின் மைக்

மார்ச் 4

என் நெட்டைத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை தூங்கியே வயிற்றை நிரப்புகிறாயா? நீ வெளியூர் வேலைக்குப் போனதும் சர்ச் மைக் செட்டின் மிக்சர் பெட்டி என் தலையில் விழுந்தது. ஒரு பெட்டிக்கு இத்தனை குமிழா? மனசாட்சி வேண்டாமா?

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உன் மச்சானின் குரல் காற்றாகிப் போனது உனக்குத் தெரியும். போதகர் கெஞ்சியதால் நேற்று வேதம் வாசிக்க ஏறினார். நான் முன்கூட்டியே "ஹலோ, ஹலோ" சொல்லி எல்லாம் சரிசெய்து வைத்திருந்தேன். அவர் வாயைத் திறந்தால் ஒன்றும் கேட்கவில்லை. கீழே இருக்கும் தள்ளு பட்டனை உச்சிக்குத் தள்ளினேன். ஸ்பீக்கரில் ஒரே ஊளை! சபையே காதைப் பொத்தியது. மனுஷன் பாதியில் இறங்கிவிட்டார். இனி வாசிக்கவே மாட்டாராம். வீட்டிலும் வாய் திறப்பதில்லை. வழி சொல்லடா.

உன் அக்கா

மார்ச் 11

அன்பு அக்காவுக்கு,

உன் குரலை வைத்தா சோதித்தாய்? நீ கூப்பிட்டால் அடுத்த தெரு நாய் எழுந்து நிற்கும்! மேலே இருக்கும் கெயின் குமிழ், மைக்குக்குள் வரும் குரலைத் தூக்கிவிடுவது. வாசிக்கப்போகிறவர் குரலுக்குத்தான் அதை வைக்க வேண்டும். கீழே தள்ளுவது ஃபேடர். வெளியே எவ்வளவு விடுவது என்பதற்கு. அதைக் கோடு போட்ட இடத்தில் நிறுத்தி, மச்சானைப் பேசவிட்டு, கெயினை மெல்ல ஏற்று. சிவப்பு விளக்கு எரிந்தால் குறை. மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதன் முகம் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினால் மறுபடியும் ஊளைதான்.

தம்பி

மார்ச் 18

என் தங்கத் தம்பிக்கு,

மைக் பக்கமே வரமாட்டேன் என்றார் உன் மச்சான். நாற்காலி அடுக்க வேண்டும் என்று சர்ச்சுக்குக் கூட்டிப்போனேன். "அந்த மைக்கைத் துடைங்க" என்று கையில் கொடுத்துவிட்டு, மிக்சரிடம் நின்று என் நாத்தனாரை வம்புக்கு இழுத்தேன்: "உங்க அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளந்தான்."

"என் அக்காவைச் சொல்ல நீ யாருடி?"

அவர் திட்டத் திட்ட, நான் கெயினைத் திருகினேன். குரல் பின்சுவர் வரை போனதும் திடுக்கிட்டு நின்றார்.

"நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்சம் திட்டுங்க!" என்றேன். மனுஷன் சிரித்துவிட்டார்.

நேற்று வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் முழுவதும் வாசித்தார். காற்றுக் குரல்தான், ஆனால் கடைசி வரிசைக் கிழவர்கூடத் தலையாட்டினார். முடித்ததும், மைக்கிலேயே, "கேட்டுச்சாடி?" என்றார். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.

நன்றி என்று எழுதினால் கேலி செய்வாய். செய்துகொள். நன்றிடா.

இப்போது வீட்டில் காலையிலிருந்து சண்டைதான். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறோம்.

உன் அக்கா