மஞ்சள் பென்சில்

மார்ச் 4
நிக்கல் குழாய்த் தேர்வில் என் வெல்டிங் தள்ளுபடி. தள்ளியது யார்? என் சொந்த மருமகன், எங்கள் ஆலையின் இன்ஸ்பெக்டர் துரை! சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்ததும் மூன்று மயிரிழை விரிசல்கள் சிவப்பாக எழுந்தன. அளந்து வைத்ததுபோல் நான்கு விரல் இடைவெளியில். "மாமா, தப்பா நினைக்காதீங்க." நினைப்பேன். முப்பத்திரண்டு வருடக் கை இது. இன்னொரு முறை தவறினால், கருவி அறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மார்ச் 5
துரை வீட்டுக்கு வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மார்ச் 8
பற்றவைக்க உருக்கிச் சேர்க்கும் கம்பிதான் கெட்டது என்று எழுதிக் கொடுத்தேன். கம்பி மேல் பழி விழுந்தால் இந்தத் தோல்வி என் கணக்கில் சேராது.
"அவர் மேல கோவம்னா சோத்து மேல ஏன்ப்பா காட்டுறீங்க?" என்றாள் மகள். உப்பில்லை என்றேன். இருந்தது.

மார்ச் 11
பயிற்சித் துண்டில் கை பாதியில் நின்றுவிட்டது. மஞ்சள் மெழுகுப் பென்சிலால் விளிம்பில் நான்கு விரலுக்கு ஒரு கோடு போட்டுக்கொள்வது என் பழக்கம். இரும்பில் இத்தனை வருடம் ஒன்றும் ஆனதில்லை.
நான்கு விரல்!
வீட்டுக்கு வந்து பழைய புத்தகத்தைப் புரட்டினேன். நிக்கலுக்குக் கந்தகம் ஆகாது; குறி போடும் மெழுகுப் பென்சிலில் அது உண்டு. உலோகம் இறுகிய பிறகும் கந்தகம் சேர்ந்த படலம் உருகியே கிடக்கும், சுருங்கும்போது அங்கே பிளக்கும். நானே என்றோ அடிக்கோடிட்ட வரி. அதே மஞ்சள் பென்சிலால். அட மடையா.

மார்ச் 12
இரண்டு துண்டு. ஒரே கம்பி, ஒரே சூடு. அசிட்டோனால் துடைத்தது சுத்தம். குறி போட்டது பிளந்தது.
யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது?

மார்ச் 13
சொல்லிவிட்டேன். துண்டுகளைத் துரையின் மேஜையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.
"விடுங்க மாமா. கம்பிக் கோளாறுன்னே இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"
"எனக்குத் தெரியும்! பொய் எழுதுற இன்ஸ்பெக்டருக்கா என் பொண்ணக் கொடுத்தேன்? எழுதுங்க மாப்ள, என் பேரைப் போட்டே எழுதுங்க."
எழுதினார்.

மார்ச் 19
மறுதேர்வு. பென்சிலை வீட்டிலேயே விட்டுப் போனேன். பவுடர் அடித்துக் காத்திருந்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. "பாஸ், மாமா" என்றார்.
இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்க்கச் சொன்னேன். உறவுக்காரர் இல்லையா.