நன்றாக ஓடிய தொழிற்சாலை

மார்ச் 6, இரவு

என் அன்பு அக்காவுக்கு,

நலமா என்று முறைப்படி கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன்.

வெளிநாட்டு ஃப்ரிட்ஜ் கம்ப்ரசருக்கு இறக்குமதி வரி போடச் சொல்லி நம் தொழிலாளர் சங்கம் அரசாங்கத்துக்கு மனு கொடுத்திருந்ததே, அதற்காக இரண்டு மாதம் முன்பு அதிகாரிகள் நம் கம்ப்ரசர் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். சங்கச் செயலாளர் என்பதால் அப்பாதான் எல்லா ஏற்பாடும். ஷெட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த பிரஸ் இயந்திரங்களைக் கூட, கிடங்கில் மிச்சமிருந்த தகட்டைப் போட்டு ஓட்டினார்கள். "நாலு பேர் பார்க்க வரும்போது கிழிஞ்ச சட்டையோடவா நிப்போம்?" என்றார் அப்பா.

நேற்று முடிவு தபாலில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் வழக்கம்போல் என்னைப் படிக்கச் சொன்னார். நாற்பது பக்கம். கடைசிப் பக்கத்தில்தான் விஷயம். இயந்திரங்கள் முழு அளவில் ஓடுகின்றன, ஆட்களுக்கு வேலை இருக்கிறது, இறக்குமதியால் பாதிப்பு எதுவும் தெரியவில்லை, எனவே வரி கிடையாது என்று போட்டிருந்தது. நமக்குப் பாதிப்பு இருந்தால்தான் வரி போடுவார்களாம் அக்கா. நாம் நன்றாக இருப்பதாக நாமே காட்டிக் கொடுத்துவிட்டோம்.

அப்பா சட்டைப் பொத்தானைக் கூடப் போடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிவைத் தள்ளி வெச்சிருக்காங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை அப்படியே தொழிற்சாலை கேட்டில் போய் ஆட்களிடம் சொல்லிவிட்டார்.

தாங்களாகவே வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கும் விலகல் படிவத்தில் இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குக் கம்பெனி கூடுதல் தொகை தருகிறது. அதற்குப் பிறகு தொழிற்சாலையை மூடினால் சட்டப்படி உள்ளது மட்டும்தான். வரி வந்துவிடும், யாரும் போடாதீர்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நானூறு பேரும் போடவில்லை.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். தூக்கமும் வரவில்லை. பதிலை என் தோழி வீட்டுக்குப் போடு.

உன் குட்டி

மார்ச் 11

குட்டிக்கு,

பயப்படாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை.

எங்கள் கடைக்குப் போன வாரம் நம் கம்பெனி ஃப்ரிட்ஜ் இருபது வந்தது. முன்பக்கம் அதே பெயர், அதே நீல எழுத்து. பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கம்ப்ரசர் வெளிநாட்டுடையது. செய்வதைவிட வாங்குவது மலிவு என்று நம் கம்பெனியே வாங்கிப் பொருத்துகிறதாம். அதன் விற்பனை மேலாளர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது குட்டி. தொழிற்சாலைதான் இருக்காது. அந்த முடிவின் நகல் அவர்களுக்கும் போயிருக்கும். இருபதாம் தேதி தாண்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஃப்ரிட்ஜ்களை விற்கிறவள் நான்தான். தினமும் மூன்று விற்றுப் போகிறது. இதை அப்பாவுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஃபோனில் நானே அவரிடம் சொல்லிவிடலாம். ஆனால் நீ படித்துச் சொன்னது பொய் என்று என் வாயால் கேட்டால், அதற்குப் பிறகு உன்னை எதையும் படிக்கச் சொல்ல மாட்டார். நீயே சொல். பதினெட்டு வரை பார்ப்பேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

அக்கா

மார்ச் 21, இரவு

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். பதினாறாம் தேதி காலையில், அவர் ஷூ மாட்டும்போது. அடிப்பார் என்று நினைத்தேன். கயிற்றைக் கட்டி முடித்த பிறகும் குனிந்தே இருந்தார். பிறகு "கிளம்பு" என்றார்.

கேட்டில் ஒரு மரப்பெட்டி மேல் என்னை ஏற்றி, கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து நம் பேச்சில் சொன்னேன். நான் முன்பு பொய் சொன்னதை அப்பா வெளியே விடவில்லை. "காகிதம் வந்து பத்து நாளுக்கு மேல ஆச்சு. நான்தான் சொல்லாம வெச்சிருந்தேன்" என்றார்.

"பெயிண்ட் அடிக்கச் சொன்னதும் நீதானே தலைவரே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்கும் ஆமாம் என்றார்.

நாலு நாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அப்பா கடைசி ஆள். அவரோடு இப்போது பலர் பேசுவதில்லை. எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இன்று சாயங்காலம் பிரஸ் மாமா வந்தார். கம்ப்ரசரின் வெளி ஓட்டை அடிக்கும் மூன்றாம் பிரஸில் இருபத்தாறு வருஷம் நின்றவர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று அப்பா எழுந்து நின்றார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நாற்பது பக்கம்னாங்களே. அதுல எந்த மிஷினப் பத்தியாவது தனியா எழுதியிருக்காங்களா?"

"மூணாம் பிரஸ்ஸப் பத்தி இருக்கு மாமா" என்றேன். "இவ்வளவு பழைய மிஷின இவ்வளவு நல்லா வெச்சு ஓட்டறத வேற எங்கயும் பார்க்கலன்னு."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்பா போட்ட காபியைக் குடித்துவிட்டு, அப்பாவிடம் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படி ஒரு வாக்கியம் அதில் எங்கேயும் இல்லை அக்கா. இதை நான் திருத்தப் போவதில்லை. நீயும் திருத்தச் சொல்லி எழுதாதே.

உன் தங்கை