ராணிக்குக் காவல்

மீன்சுருட்டி
6.2.1978

அன்புள்ள மாமாவுக்கு,

வர்ணம் எழுதுவது. இங்கே சுகம். பள்ளிக்கூடம் விட்டு வந்து வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுக்காமல், ஏதாவது சமைத்துச் சாப்பிடுங்கள்.

நேற்று ஞாயிறு. ஆறு பேர் ஜெயங்கொண்டம் போய் மத்தியான ஆட்டம் பார்த்தோம். அந்தக் காலத்து ராஜா கதை. ராணிமேல் அவனுக்கு அத்தனை ஆசை. தளபதியைப் பார்த்து அவள் ஒரு தடவை சிரித்துவிட்டாள் என்று, போகிற இடமெல்லாம் காவல் போடுகிறான். தாங்காமல் அவள் குளத்தில் விழுந்து செத்துப்போகிறாள். ராஜா அவளுக்குக் கோயில் கட்டி, அதன் வாசலிலேயே உயிரை விடுகிறான். கொட்டகையே அழுதது. எங்கள் ஆஸ்பத்திரி ஆயா கலியம்மாள், "நம்ம வூட்லயும் ஒண்ணு இருக்கே, எங்க போற, எப்ப வருவேன்னு ஒரு நாள் கேட்டிருக்குமா?" என்று மூக்கைச் சிந்தினாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நீங்கள் மாதத்தில் இரண்டு ஞாயிறுதானே வருகிறீர்கள்!

இடைவேளையில் கம்பவுண்டர் இளையபெருமாள் எல்லாருக்கும் முறுக்கு வாங்கித் தந்தார்.

வேப்பந்தட்டைப் பக்கம் நர்ஸ் வேலை காலியாம். மாறுதல் கேட்டு மனு கொடுத்துவிட்டேன். இனி ஒரே வீடுதான்.

தங்கள்
பஞ்சவர்ணம்


வேப்பந்தட்டை
10.2.1978

அன்புள்ள வர்ணத்துக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஆறு பேர் என்கிறாய். உன்னையும் சேர்த்து மூன்று பேர்தான் கடிதத்தில் இருக்கிறீர்கள். மற்றவர்கள் யார்? பஸ்ஸில் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தது? முறுக்கை அவர் கையாலேயே கொடுத்தாரா?

அதே படம் பெரம்பலூரிலும் ஓடுகிறது. நேற்று அரைநாள் லீவு போட்டுப் போனேன். ராஜா பேசியதெல்லாம் நான் பேச நினைத்தது. உயிராக நினைப்பவனுக்குத்தான் சந்தேகம் வரும். தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு வந்தபோதெல்லாம் உங்கள் கம்பவுண்டர்தான் கண்முன் வந்தார். அவருக்கு மீசை உண்டா?

அன்புடன்
ராசாங்கம்


மீன்சுருட்டி
15.2.1978

அன்புள்ள மாமாவுக்கு,

கம்பவுண்டருக்கு மீசையும் இல்லை, தலையில் முடியும் இல்லை. வயது ஐம்பத்து மூன்று. அவர் சம்சாரம் வேம்பு அக்காதான் என் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தார். மற்ற இரண்டு பேர் நர்ஸ் ரத்தினம்மாளும் அவள் தங்கையும். பஸ்ஸில் உட்கார எங்கே இடம்? எல்லாரும் நின்றுகொண்டுதான் வந்தோம். போதுமா?

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன், மனசு கொஞ்சம் குளிரவும் செய்தது. என் புருஷனுக்கும் ராஜாவைப் போலக் கோபம் வருகிறதே!

தங்கள்
பஞ்சவர்ணம்


வேப்பந்தட்டை
3.3.1978

வர்ணத்துக்கு,

நீ எழுதியதை நம்பத்தான் பார்த்தேன், முடியவில்லை. புதன்கிழமை உன்னிடம் சொல்லாமல் மீன்சுருட்டி வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். படியில் நின்று அவர் ஏதோ சொன்னார். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். என்னோடு பேசும்போது நீ அப்படிச் சிரித்ததில்லை. உன்னைக் கூப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன்.

அவர் என்ன சொன்னார்? அதை மட்டும் எழுது.

ராசாங்கம்


மீன்சுருட்டி
4.4.1978

மாமாவுக்கு,

ஒரு மாதமாக நீங்களும் வரவில்லை. நான் ஏன் எழுதவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் சொன்னது இதுதான்: "பேரன் பொறந்துட்டாம்மா, என்ன மாதிரியே மொட்டத் தல." அதற்குத்தான் சிரித்தேன்.

போன வாரம் மேலதிகாரி ஒருவர் வந்தார். மொட்டைக் கடிதம் ஒன்றை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தார். எனக்கும் கம்பவுண்டருக்கும் தொடுப்பாம். இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்தாராம். கொட்டகையில் இருந்த ஆறு பேரைத் தவிர, அந்த முறுக்கு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வேம்பு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தானம்மா ஒன் பக்கத்துல உக்காந்திருந்தேன், அவங்ககிட்ட சொல்லலியா?" என்று கேட்டார். சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கம்பவுண்டரை வெகுதூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளின் பரீட்சைக்காக அக்கா இங்கேயே இருக்கிறார். எழுதியது யார் என்று நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் என்னைத் தின்கிறது.

படத்தில் ராஜாவுக்காகத்தான் எல்லாரும் அழுதோம், நானும் அழுதேன். அத்தனை காவலுக்கு நடுவே ராணி எப்படிச் சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள் என்று ஒரு காட்சிகூடக் கிடையாது. அன்று எல்லார் கண்ணும் என்மேல் இருக்க அந்த அறையில் நின்றபோதுதான் அவள் எனக்கு ஞாபகம் வந்தாள்.

மாறுதல் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வருகிற ஞாயிறு நீங்கள் வருகிற நாள். வந்தால் முதலில் வேம்பு அக்கா வீட்டுக்குப் போங்கள். நான்தான் எழுதினேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு அதெல்லாம் பொய் என்று அதிகாரிக்கு உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள். இரண்டும் முடியாதென்றால் என் கதவைத் தட்ட வேண்டாம்.

பஞ்சவர்ணம்