பாதி மாத்திரையும் கறுப்புச் சட்டையும்

என் சின்னவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அக்காவை அந்தக் காப்பக விடுதியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து எட்டு மாதம் ஆகிறது. பதினோரு வருஷம் அங்கே இருந்தவள், வந்த புதிதில் தையல் கடையில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்குவாள், கை நடுங்கும், மாத்திரை விழுங்கியதும் விடுதியில் பழக்கியபடி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். யாரும்மா உன்னைக் கேட்டது என்று உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். புது டாக்டர் வலிப்பு மாத்திரையை அப்படியே வைத்துவிட்டு, ஆளை அடக்கி வைக்கக் கொடுத்த மாத்திரையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நாமாக ஒரு துணுக்குக்கூடக் குறைக்கவில்லை, நீ போனில் பயந்தாயே, அதற்காகச் சொல்கிறேன். இப்போது பாதி மாத்திரைதான். நடுக்கம் நின்று ஊசியில் நூல் கோக்கிறாள், எனக்கே மூன்று தடவை ஆகும்.

ஆனால் போன மாதம் கத்த ஆரம்பித்தாள். கடையில் ஆள் இருக்கும்போதே சட்டையைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, மறுபடி விடுதிக்கே அனுப்ப வேண்டி வருமோ என்று பயம். டாக்டரிடம் ஓடி, மாத்திரையைக் கூட்டிவிடுங்கள் என்று கேட்டேன். அவசரப்படாதீங்க, கத்துறதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்க என்றார். எழுதினேன். அதை வாசித்துவிட்டு உன் அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்துக் கடைவரை கேட்டது. ஒவ்வொரு தடவையும் அக்கா எறிந்தது நான் பட்டன் வைத்த சட்டைதான். கறுப்புச் சட்டைக்குக் கருநீலப் பட்டன், ஒன்றல்ல, ஆறு சட்டை. அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், நான்தான் சும்மா இரு சும்மா இரு என்று அதட்டியிருக்கிறேன். டாக்டர் நோட்டைப் படித்துவிட்டு, இது கோபம் சார், இதுக்கு நான் மாத்திரை தர்றதில்ல என்றார். வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம், கால் தரையில் படாமல் வீடு வந்தேன். விடுதியில் எத்தனை தடவை அவள் சரியானதைச் சொல்லி, அதற்கு வாயில் மாத்திரையைப் போட்டார்களோ.

இப்போது பட்டன் டப்பா முழுக்க அவள் பொறுப்பு. எடுத்துக் கொடுப்பதும் தைத்த பிறகு சரிபார்ப்பதும் அவள்தான், நான் அவளிடம் வேலைக்கு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னை விட்டுவிட்டு அவளோடு பேசு. அவள் மெதுவாகத்தான் சொல்வாள், நடுவில் புகுந்து நீ முடித்து வைக்காதே, மறந்துவிடாதே.

நேற்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மாத்திரையைக் கூட்டச் சொன்னது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. கண்ணாடி மாத்துப்பா என்றாள். நாளைக்குக் கண் டாக்டரிடம் போகிறேன், கூட்டிப் போகிறவள் அவள்.

நோய் நொடி இல்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

அம்மாவும் அக்காவும் பக்கத்தில் இருக்க,
உன் அப்பா