மேற்படி பொத்தான்

மார்ச் 3, திங்கள்

இன்று எங்கள் கண் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் பதிவேடு வந்து இறங்கியது. இனிமேல் நோயாளிக்குக் காகிதச் சீட்டு கிடையாது. எல்லாம் திரையில் படிவம்.

ஆஸ்பத்திரி என்றால் மூன்று அறை. டாக்டர் என்றால் என் அக்கா மகள், நான் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை. ஆனால் வருகிறவர்கள் கண்ணை முதலில் பார்ப்பது யார்? நான்தான். சுவர் அட்டையில் எழுத்து வாசிக்கச் சொல்வது, மெஷினில் காற்று ஊதிக் கண் அழுத்தம் எடுப்பது, எல்லாம் என் கை. பதினோரு வருடமாக அந்த நாற்காலி என்னுடையது. எட்டாவது வரை படித்தவன், ஒன்பதாவதை வாசல்வரை போய்ப் பார்த்தவன், டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சும்மாவா?

படிவத்தை நம் அளவுக்கு வெட்டித் தைக்கக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். அவள் கொண்டுவந்தது எல்லா டாக்டருக்கும் பொதுவான படிவமாம். எண்பது வயதுப் பெரியவரைப் பார்த்துக் கர்ப்பமா என்று கேட்கிறது. "இதை எடுத்துடும்மா, அவர் வெக்கப்படுவார்" என்றேன். உருண்டு உருண்டு சிரித்தாள். (சிரித்தாள். உருளவில்லை.)

மார்ச் 5, புதன்

வலது கண்ணுக்கான கட்டம் திரையில் இடது பக்கம் இருக்கிறது. தப்பு என்று பிடித்துவிட்டேன். "நோயாளி உங்களுக்கு எதிர்ல உக்காந்திருக்கார் இல்லையா சார், அதான்" என்றாள். தெரியாமலா கேட்டேன், அவளுக்குத் தெரிகிறதா என்று சோதித்தேன்.

மார்ச் 6, வியாழன்

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். என் இடது கண்ணில் கொஞ்ச நாளாக ஒரு புகை. கொஞ்ச நாள் என்றால் இரண்டு வருடம். வலது கண் பருந்து மாதிரி, இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறது. இடதுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

டாக்டருக்குத் தெரியக் கூடாது. அளவெடுக்கிற நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டு கண்ணும் சரியாக இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். எனக்கு முன்னால் இருந்தவரை அப்படித்தான் மருந்துக் கவுண்டருக்கு மாற்றினாள். அங்கே அவர் நாள் முழுக்கச் சொட்டு மருந்துப் பெட்டியை அடுக்கிக் கலைத்து அடுக்குகிறார். நான் பெட்டி அடுக்கவா பிறந்தேன்?

மார்ச் 10, திங்கள்

வம்பு. "முதல்ல நம்ம ஆளுங்க எல்லாரையும் நோயாளியா ஏத்திப் பார்ப்போம் மாமா. படிவம் எங்க இடிக்குதுன்னு தெரியும்" என்கிறாள் டாக்டர். என் படிவமும் அதில் ஒன்று. வலது, இடது, எல்லாக் கட்டமும்.

மார்ச் 11, செவ்வாய்

மூளை என்றால் இது மூளை!

காகிதச் சீட்டில் கூட்ட நேரத்தில் நான் ஒரு வேலை செய்வேன். வலது கண்ணுக்கு எண் எழுதிவிட்டு இடதுக்கு ‘மேற்படி’ என்று போட்டுவிடுவேன். முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் ஒன்றுதான். "அதே மாதிரி ஒரு பொத்தான் வேணும்மா, ஒரு அமுக்கு அமுக்கினா வலது பக்கம் இருக்கிறது இடது பக்கம் விழணும்" என்றேன். டீ ஆறுவதற்குள் செய்துவிட்டாள். நீலத்தில் அழகான பொத்தான். "நல்ல ஐடியா சார், வேற ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கலாம்" என்றாள். உலகமெங்கும் என் பொத்தானை அமுக்கப் போகிறார்கள். (நல்ல ஐடியா என்றுதான் சொன்னாள். மீதி அவள் முகத்தில் இருந்தது.)

என் படிவத்தை நானே நிரப்பினேன். வலது: ஆறுக்கு ஆறு, முழுப் பார்வை. பிறகு பொத்தான். இடதும் ஆறுக்கு ஆறு. இரண்டு வருடத்துப் புகை ஒரே அமுக்கில் போயிற்று.

மார்ச் 12, புதன்

வீட்டுக்காரியிடம் பொத்தானைப் பற்றிச் சொன்னேன். "ஓஹோ, அந்தப் பொத்தானையே கண்டுபிடிச்சவருக்கு, காலைல அறுந்து விழுந்த சட்டைப் பொத்தான் ஏன் அகப்படல?" என்றாள். அது இடது பக்கம் கிடந்தது.

மார்ச் 17, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

உண்மையான நோயாளிகளுக்குப் படிவம் இன்றுதான் தொடக்கம். நாற்பது பேர் காத்திருந்தார்கள். பதினாறு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு தையல்காரம்மா. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண்ணாடி மாற்றணும் என்றார். வலது கண்ணில் ஊதினேன், அழுத்தம் பதினாறு. கூட்டம் கத்துகிறது. பொத்தானை அமுக்கினேன். இடதும் பதினாறு. உள்ளே அனுப்பினேன்.

டாக்டர் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிச் சீட்டு எழுத ஆரம்பித்தாளாம். அந்த அம்மா எழுந்து போகிறபோது, "ஏன் டாக்டர், இந்தப் பக்கம் ஊதவே இல்லையே? ஒரு கண்ணுக்கு மட்டும்தான் காத்தா?" என்று கேட்டிருக்கிறார்.

டாக்டரே ஊதிப் பார்த்தாள். முப்பத்து நாலு. இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது.

அப்படியே விட்டால் நோவு காட்டாமல் பின்னால் இருக்கிற நரம்பைத் தின்றுவிடும் அழுத்தம். போன பார்வை திரும்பாது. புதுக் கண்ணாடியோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

கூட்டம் போனபிறகு என்னைக் கூப்பிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. "மாமா, காகிதத்துல நீங்க மேற்படி போட்டா எனக்குத் தெரியும், மாமா அளக்கலன்னு. நானே எடுத்துக்குவேன். பதினோரு வருஷமா அப்படித்தான் எடுத்தேன். இதுல பதினாறுன்னு இருக்கு. அளந்த பதினாறு எது, அமுக்கின பதினாறு எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

அவள் எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பதினோரு வருடமாக. ஒரு நாளும் சொல்லவில்லையே!

மார்ச் 18, செவ்வாய்

வேலைக்குப் போனேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 19, புதன்

காலையிலேயே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். பொத்தானை எடுத்துவிடச் சொன்னேன். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக எண் அடிக்காமல் படிவம் மூடவே கூடாது என்றும் சொன்னேன்.

"நீங்கதானே சார் கேட்டீங்க?"

"கேட்டவனும் நான்தான், வேணாங்கிறவனும் நான்தான்."

"எடுத்துடறேன். ஆனா ஒண்ணு சார், இதுவரைக்கும் பொத்தான் அமுக்கின படிவம் எல்லாம் சிவப்பாகித் திறந்துக்கும். திரும்ப அளந்தாத்தான் மூடும். பரவாயில்லையா?"

பரவாயில்லையா? அமுக்கியது மொத்தம் ஏழு. அதில் ஒன்று யாருடையது என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மருந்துக் கவுண்டரைத் திரும்பிப் பார்த்தேன். பழைய ஆள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லம்மா" என்றேன்.

மார்ச் 20, வியாழன்

"மாமா, உங்க பேர் சிவப்புல நிக்குது. வந்து உக்காருங்க."

என் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் நான். வலது கண்ணை மூடினாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஆனால் பதினோரு வருடமாக மனப்பாடமான அட்டை, வாய் தானாக ஓடியது. மேலிருந்து கீழ்வரை ஒரு எழுத்துத் தவறாமல் ஒப்பித்தேன். கடைசி வரியைப் பாட்டு மாதிரி சொன்னேன்.

டாக்டர் என் வலது கண்ணைத் திறந்துவிட்டாள். பிறகு, "பிரமாதம் மாமா. ஆனா நான் மாட்டியிருக்கிறது எண் அட்டை."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நான் பார்க்கவில்லை என்று நினைத்து. அது வலது கண்ணுக்குத் தெரியும்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு."

"மாசமா?"

"வருஷம்."

பின்மண்டை அதிர்கிற மாதிரி வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். கண்புரை. முற்றியிருக்கிறது, எடுத்துவிடலாம் என்றாள். "நாற்காலி?" என்றேன். அதைத்தான் முதலில் கேட்டேன். "முதல்ல கண்ணு. பிறகு அளந்து பார்த்துச் சொல்றேன். அதுவரை கவுண்டர்."

மார்ச் 22, சனி

வீட்டில் சொன்னேன். "தெரியுமே" என்றாள் வீட்டுக்காரி. "ரெண்டு வருஷமா நான் இடது பக்கம் நின்னா மட்டும் திட்டு வாங்காம தப்பிக்கிறேன்."

மார்ச் 27, வியாழன்

அறுவை முடிந்தது. டாக்டரே செய்தாள். அரை மணி நேரம் வீரமாகப் படுத்திருந்தேன். பத்து நிமிடம்தானாம்.

ஏப்ரல் 2, புதன்

பெட்டி அடுக்கினேன். பழைய ஆள் நல்ல மனுஷன். அவருக்கும் அட்டை மனப்பாடமாம்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் டாக்டர் அளந்தாள். எந்த அட்டை என்று முன்கூட்டியே சொல்லவில்லை. வலது: ஆறுக்கு ஆறு. இடது: ஆறுக்கு ஒன்பது, ஒரே ஒரு வரி குறைவு, நாற்காலிக்கு அது போதுமாம். இரண்டையும் தனித்தனியாக அடித்தாள். என் படிவம் பச்சையாகி மூடியது. எழுந்து என் நாற்காலியைக் காட்டினாள்.

முதல் ஆள் தையல்காரம்மா, அழுத்தம் பார்க்க வந்திருந்தார். மருந்து ஒழுங்காக விடுகிறாராம். "தம்பி, ரெண்டு பக்கமும் ஊதுவீங்கதானே?" என்றார். ஊதினேன். வலது பதினைந்து. இடது பதினெட்டு.

வெளியே எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்தேன். முப்பது இருக்கும் என்று எழுத வந்தேன். இல்லை, பதினோரு பேர்.